58 சிசி செயின்சா சூடானதும் அணைந்துவிடுகிறது, இரண்டாவது பிஸ்டனும் கீறிவிட்டது: சாமான் எங்கே கிடைக்கும்?

மூக்கையூர் கருவைக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்குச் சாயல்குடிப் பக்கம் கடலோரத்து ஊர். சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டத்துக்குக் கட்டை போடுவதுதான் தொழில். கோடாரியில் தொடங்கியவன். 2018இல் கஜா புயல் அடித்தபோது பட்டுக்கோட்டைப் பக்கம் சாய்ந்து கிடந்த தென்னைகளை அறுக்கக் கூட்டமாகப் போனோம், அங்கேதான் செயின்சா பிடித்துப் பழகினேன். ஊருக்குத் திரும்பியதும் கையிலிருந்த காசைப் போட்டு ஒரு மெஷின் வாங்கினேன். அது போய், இப்போது இருப்பது இரண்டாவது மெஷின்.

இது பெயர் தெரியாத சீன மெஷின். ஸ்டிக்கரில் 58 சிசி என்று இருக்கிறது. செயின் ஓடும் தகடு, அதாவது பார், 20 அங்குலம். ஆன்லைனில் வாங்கியது. இரண்டு வருடம் ஒரு குறையும் சொல்ல முடியாது, நாள் முழுக்க அறுத்தது. போன தை மாதத்திலிருந்துதான் பிரச்சினை.

காலையில் மூன்று இழுப்பில் எடுத்துவிடும். இருபது நிமிடம் நன்றாக ஓடும். அதன் பிறகு ரேஸை விட்டாலும் சத்தம் உடனே இறங்காது. ஆளில்லாத மெஷின் மாதிரி தானாகவே ஒரு ஏறு ஏறும், அப்புறம் தொண்டை அடைத்ததுபோல் அணைந்துவிடும். அந்த நேரத்தில் கயிற்றை இழுத்தால் கை வலிக்கும், அவ்வளவு இறுக்கம். அரை மணி நேரம் நிழலில் வைத்தால் மறுபடி எடுக்கும். வெயில் ஏற ஏற இந்த இருபது நிமிடம் பத்து நிமிடமாகிவிடுகிறது.

பக்கத்து டவுனில் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்தேன். பிஸ்டன் பிடித்துவிட்டது, ஆயில் குறைவாகக் கலந்திருக்கிறாய் என்று சொல்லி பிஸ்டனும் ரிங்கும் மாற்றிக் கொடுத்தார். நான் ஆயிலைக் கண் அளவில் ஊற்றுகிறவன் இல்லை. பிள்ளைக்கு மருந்து கொடுக்கும் மூடியில் அளந்து, ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி டூ-டி ஆயில். எவ்வளவோ சொல்லியும் அவர் கேட்கவில்லை. மூன்று வாரம் ஓடியது. பிறகு அதே கதை.

இந்த முறை நானே சைலன்சரைக் கழற்றி ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். புதுப் பிஸ்டனின் அந்தப் பக்கத்தில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல். பித்தளைக் குடத்தைச் சாம்பல் இல்லாமல் வெறும் மணலில் தேய்த்தால் விழுமே, அப்படி. கார்புரேட்டர் பக்கம் ஒரு கீறல்கூட இல்லை.

சரி, இன்னொரு பிஸ்டன் செட் வாங்குவோம் என்று 58 சிசி எனப் போட்டுத் தேடி வரவழைத்தேன். வந்தது உள்ளேயே போகவில்லை. லேத் பட்டறையில் வெர்னியர் வைத்துப் பார்த்தால் வந்த பிஸ்டன் செட் 45.2 மில்லிமீட்டர், என் சிலிண்டர் 45. ஸ்டிக்கர் 58 என்கிறது, உள்ளே இருப்பது 52 மெஷினின் அளவு. திருப்பி அனுப்பிவிட்டேன். ராமநாதபுரத்தில் கேட்ட கடைகளில் மாடல் நம்பர் சொல்லுங்கள் என்கிறார்கள். இதற்கு ஏது மாடல் நம்பர்?

என்னோடு அக்கா மகனும் இன்னும் இரண்டு பேரும் வேலை செய்கிறார்கள். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் மூட்டம் போட முடியாது, அதற்குள் வெட்ட வேண்டிய காடு இரண்டு ஏக்கருக்கு மேல் நிற்கிறது. எதனால் பிஸ்டன் திரும்பத் திரும்பப் போகிறது? இந்த மாதிரி மெஷினுக்கு நம் பக்கத்தில் சாமான் எங்கே வாங்கலாம்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


கேணிக்கரை பட்டறை எழுதியது:

தம்பி, மூன்றாவது பிஸ்டனை இப்போதைக்கு வாங்காதீர்கள். வாங்கினால் அதுவும் மூன்று வாரம்தான்.

நான் மருந்தடிக்கும் மெஷின், செயின்சா, புல்வெட்டி எல்லாம் பார்க்கிறேன். நீங்கள் எழுதியதில் ஒரு வரி போதும்: ரேஸை விட்டும் சத்தம் இறங்காமல் தானாக ஏறுகிறது. எங்கோ காற்று இழுக்கிறது. கார்புரேட்டர் வழியாக வர வேண்டிய காற்று வேறு வழியில் நுழைந்தால் பெட்ரோலின் பங்கு குறையும். இந்த மெஷினுக்கு ஆயில் பெட்ரோலோடு சேர்ந்துதான் உள்ளே போகிறது, அதனால் ஆயிலும் குறையும். நீங்கள் 40 மில்லி அளந்து ஊற்றியும் பிஸ்டனுக்கு அது போய்ச் சேரவில்லை. புகை போகும் பக்கம்தான் எப்போதும் சூடு அதிகம், அலுமினியம் அங்கே முதலில் வீங்கிச் சிலிண்டரில் உரசும். உங்கள் கீறல் அந்தப் பக்கம் மட்டும் இருப்பதும் இதோடு பொருந்துகிறது. ஆயிலே கலக்காமல் ஓட்டியிருந்தால் பிஸ்டனைச் சுற்றிலும் கீறியிருக்கும். ஆகவே உங்கள் அளவில் தப்பில்லை.

காற்று நுழைய நான்கு இடம் உண்டு. கிராங்க் என்ற சுழல்தண்டின் இரண்டு பக்கமும் இருக்கும் ஆயில் சீல் என்ற ரப்பர் வளையம், கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் இன்டேக் துண்டு, கார்புரேட்டரின் பம்ப்புக்குப் போகும் சின்ன டியூப், சிலிண்டருக்கு அடியிலுள்ள கேஸ்கட். சீன மெஷின்களில் இன்டேக் துண்டின் ஸ்க்ரூ அதிர்வில் தளர்ந்து விடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். கடலோர மெஷின்களில் காந்தச் சக்கரத்துப் பக்க சீல்தான் முதலில் போகிறது. அந்தச் சக்கரமே விசிறி, மணலையும் உப்புத் தூளையும் இழுத்து சீலின் உதட்டில் கொண்டுவந்து சேர்ப்பதும் அதுதான்.

ஊகத்தில் மாற்ற வேண்டாம், சோதித்துப் பார்த்துவிடலாம். பெரிய கருவி தேவையில்லை. வீட்டில் பிபி பார்க்கும் பழைய பல்பு மெஷின் யாரிடமாவது இருக்கும். அதன் ரப்பர் பல்பும் மீட்டரும் போதும், கைப்பட்டை வேண்டாம். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்துவிட்டு, ஓட்டையில் ஒரு டியூபைச் செருகி எம்-சீல் வைத்து அடைத்துக் காயவிடுங்கள். சைலன்சரைக் கழற்றி, சைக்கிள் டியூபில் வெட்டிய துண்டை அடியில் வைத்து மறுபடி முடுக்குங்கள். கார்புரேட்டர் உட்காரும் இடத்திலும் அதேபோல் ஒரு துண்டு. அந்தச் சின்ன டியூபையும் அடைத்துவிடுங்கள். பிஸ்டன் கீழே இறங்கி நிற்கட்டும், அப்போதுதான் காற்று சிலிண்டரிலிருந்து கிராங்க் அறைக்குள் போகும். பிளக் இடத்தில் இந்தப் பிளக்கை மாட்டிப் பல்பை அழுத்தி முள்ளை 250க்குக் கொண்டுபோங்கள். நல்ல மெஷினில் முள் நின்ற இடத்தில் நிற்கும். உங்களுடையது இறங்கும். எங்கே இறங்குகிறது என்று சோப்புத் தண்ணீரைத் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும். பஞ்சர் கடை கம்ப்ரஸரை மட்டும் வைத்துவிடாதீர்கள், நல்ல சீலும் பிதுங்கிவிடும்.

சீலைப் பார்க்கக் கிளட்சையும் காந்தச் சக்கரத்தையும் கழற்ற வேண்டும். கிளட்ச் இடது மரை. கடிகார முள் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் எதிர்ப்பக்கம் அடித்து உடைத்துக்கொண்டு வருகிறவர்கள் எத்தனையோ பேர். காந்தச் சக்கரத்தின் நட்டு சாதாரண மரைதான். கழற்றும்போது பிஸ்டன் சுற்றாமலிருக்க ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விடாதீர்கள். உங்கள் ஊரில் வலைக்கயிற்றுக்கா பஞ்சம்? ஒரு முழம் நைலான் கயிற்றை பிளக் ஓட்டை வழியாகத் திணியுங்கள். பிஸ்டன் மேலே ஏறிப் புகை ஓட்டையை மூடிய பிறகு திணிக்க வேண்டும். முன்னாலேயே திணித்தால் ஓட்டையின் விளிம்பில் கயிறு நறுங்கிவிடும்.

சிலிண்டரை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டினால் சிலிண்டரும் போய்விட்டது. மாட்டாமல் வெள்ளையாக அலுமினியம் ஒட்டியிருந்தால் மட்டும் மெல்லிய உப்புத்தாளை விரலில் சுற்றிப் பொறுமையாக எடுக்கலாம். கக்கூஸ் ஆசிட் ஊற்றச் சொல்லி வீடியோ போடுகிறார்கள். இந்த மெஷின்களில் உள்பூச்சு குரோமியம், அந்த ஆசிட் அதையும் சேர்த்து அரித்துவிடும். வேண்டாம்.


தொண்டி வள்ளத் தச்சன் எழுதியது:

பட்டறைக்கார அண்ணன் காரணத்தைச் சொல்லிவிட்டார், நான் சாமானைப் பற்றிச் சொல்கிறேன். வள்ளத்துக்குக் கட்டை பிளக்க இரண்டு மெஷின் வைத்திருக்கிறேன், ஒன்று ஸ்டில் எம்எஸ் 250, இன்னொன்று உங்களுடையது மாதிரி பெயரில்லாதது.

கம்பெனி மெஷினில் எல்லாச் சாமானுக்கும் எண் உண்டு. ஸ்டில்லில் முதல் நான்கு இலக்கம் மெஷினின் குடும்பத்தைச் சொல்லும்: எம்எஸ் 250க்கு 1123, எம்எஸ் 180க்கு 1130. எண்ணைச் சொல்லி டீலரிடம் பணம் கட்டினால் காத்திருந்து வாங்கிவிடலாம். உங்கள் மெஷினுக்குக் குடும்பமே கிடையாது, ஆனால் அளவு இருக்கிறது. ஒரு நோட்டில் அளவுகளை எழுதி வைத்துவிடுங்கள். போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 45 என்று இப்போது தெரிந்துவிட்டது. கடையில் 58 என்ற வார்த்தையை எடுக்காமல் "45 எம்எம், 5200 மாடல்" என்று கேளுங்கள். கடைக்காரர்களிடம் அந்தப் பெயரில்தான் பெட்டி இருக்கும். பிஸ்டன் ஊசியின் தடிமனையும் அளந்துகொண்டு போங்கள்.

ஆயில் சீலும் பேரிங்கும் செயின்சா கடையில் தேட வேண்டியதே இல்லை. பேரிங் கடையில் கேட்க வேண்டும். சீலின் முகத்திலேயே உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என்று மூன்று எண் அச்சாகியிருக்கும், தேய்ந்திருந்தால் வெர்னியர். சாயல்குடியிலிருந்து உங்களுக்கு வேம்பார் வழியாகத் தூத்துக்குடி பஸ் இருக்கிறதே. துறைமுக ஊர், பேரிங் கடைக்கும் லேத்துக்கும் குறைவில்லை. ராமநாதபுரத்தில் அலைவதைவிட அங்கே போவது நல்லது.

பிஸ்டன் செட், கார்புரேட்டர், கிளட்ச் மாதிரியானவற்றுக்கு மரம் அறுக்கிற ஊர்ப் பக்கம் விசாரியுங்கள். நான் ஆயினிப் பலகை எடுக்கக் கேரளா போகும்போது பெரும்பாவூரில் வாங்கி வருவேன். அங்கே பிளைவுட் ஆலையும் மர மில்லும் நிறைய, கைப்பிடி ஸ்க்ரூ வரை கடையில் தொங்கும். அவ்வளவு தூரம் முடியாவிட்டால் செங்கோட்டைப் பக்கம் மர வியாபாரிகளிடம் கேளுங்கள், எந்தக் கடை என்று அவர்களே சொல்வார்கள். ஒரு முறை முகம் தெரிந்துவிட்டால் அடுத்த முறை வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினால் பஸ் பார்சலில் போட்டுவிடுகிறார்கள்.

செயின் வாங்கும்போதும் அங்குலத்தை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். அடுத்தடுத்த மூன்று ரிவெட்டின் தூரத்தை அளந்து பாதியாக்குங்கள். மூன்று ரிவெட்டுக்கு 16.5 மில்லிமீட்டர் வந்தால், பாதி 8.25, அது 0.325 அங்குலச் செயின். 19 வந்தால் 3/8. அப்புறம் பாரின் காடிக்குள் ஓடும் பற்களை எண்ணுங்கள். என் சீன மெஷினின் 20 அங்குல பாருக்கு 76 பல். 20 அங்குலம் என்று மட்டும் சொல்லி வாங்கிய செயின் இரண்டு பல் குறைந்து, பாரில் ஏறாமல் ஆணியில் தொங்குகிறது.


உச்சிப்புளி தோப்புக்காரி எழுதியது:

அண்ணே, ஒன்று கேட்கிறேன். பெட்ரோல் உங்கள் கேனில் எத்தனை நாள் கிடக்கிறது?

எங்களுக்குத் தென்னந்தோப்பு, கொஞ்சம் சவுக்கு. அப்பாவுக்கு முடியாமல் போன பிறகு மெஷினை நான்தான் கவனிக்கிறேன். கடல் எங்கள் வேலியிலிருந்து கூப்பிடு தூரம். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், நம் கடற்கரைக் காற்றில் ஈரத்துக்குக் கேட்கவா வேண்டும்? ஒரு மாதம் கிடந்த பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி வைத்துப் பார்த்தேன். அடியில் தண்ணீர் மாதிரி ஒரு அடுக்கு தனியாக நின்றது. அதை மெஷினில் ஊற்றியிருந்தால்? அன்றிலிருந்து ஒரு வாரத்துக்குத் தேவையானது மட்டும்தான் கலக்குவேன்.

வேலை முடிந்தால் டேங்கைக் காலி செய்துவிட்டு, மீதியும் எரிந்து தானாக அணையும்வரை ஓட விடுவேன். இல்லையென்றால் கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் தாள் அப்பளம் மாதிரி விறைத்துவிடுகிறது. அது விறைத்தாலும் பெட்ரோல் குறைவாகத்தான் போகும், உங்கள் மெஷினில் நடப்பது போலவே நடக்கும். சீல் மாற்றும்போது அந்தத் தாள் கிட்டையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். விலை அதிகமில்லை. பெட்ரோல் டேங்கில் கிடக்கும் ஃபில்டரையும் எடுத்துப் பாருங்கள், என்னுடையதில் ஒரு தடவை பாசி மாதிரி கட்டியிருந்தது.

வாரத்துக்கு ஒரு நாள் மூடியைக் கழற்றிக் காந்தச் சக்கரத்தின் இறக்கைகளை டீசல் நனைத்த துணியால் துடைக்கிறேன். துணியில் ஒட்டி வருவதை விரலில் தேய்த்துப் பார்த்தால் நறநறவென்று உப்பு.


முதுகுளத்தூர் மூட்டம் எழுதியது:

மெஷின் சரியானதும் செயினையும் கவனியுங்கள் பங்காளி. மொட்டைச் செயினோடு அழுத்தி அறுத்தாலும் இன்ஜின் சூடு பிடிக்கும். கருவையின் அடித்தூரில் மண் ஏறியிருக்கும், செம்மண்ணில் ஒரு உரசல் போதும், முனை மழுங்கிவிடும். நான் அரிவாளால் அடிப்பட்டையைச் சீவிவிட்டு, தரையிலிருந்து ஒரு சாண் விட்டுத்தான் மெஷினை வைப்பேன். 0.325 செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் உருட்டு அரம். ஒவ்வொரு பல்லுக்கும் எண்ணி மூன்று இழுப்பு, டேங்குக்குப் பெட்ரோல் ஊற்றும்போதெல்லாம். அறுக்கும்போது சீவல் வந்தால் கூர் இருக்கிறது, மாவு வந்தால் அரத்தை எடுங்கள்.


மூக்கையூர் கருவைக்காரன் எழுதியது:

பதினோரு நாள் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மெஷின் ஓடுகிறது. நடந்ததை அப்படியே சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

எங்கள் சித்தப்பாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு, அவர் வீட்டுப் பரணில் பிபி பல்பு கிடந்தது. அண்ணன் சொன்னபடி பிளக்கை உடைத்து எம்-சீல் வைத்து ஒரு ராத்திரி காயவிட்டேன். கிளட்சை வலதுபக்கம் திருப்பினேன், ஒரு அடியில் கழன்றுவிட்டது. நீங்கள் சொல்லாவிட்டால் நானும் எதிர்ப்பக்கம்தான் அடித்திருப்பேன்.

பல்பை அழுத்தினேன். முள் 250 வரை ஏறவே இல்லை. 120ஐத் தொட்டுவிட்டு நம் கண்ணுக்கு முன்னாலேயே இறங்கியது. அக்கா மகன் சோப்புத் தண்ணீரைத் தொட்டுக் கிளட்ச் பக்கம் வைத்தான், ஒன்றுமில்லை. இன்டேக் துண்டு, அடி கேஸ்கட், ஒன்றுமில்லை. காந்தச் சக்கரத்துப் பக்கம் தடவியதும் கிராங்கைச் சுற்றி நண்டு வளை வாயில் நுரை தள்ளுமே, அப்படிப் பொடிப்பொடியாக வந்தது. சீலைக் குத்தி எடுத்துப் பார்த்தால் உதட்டில் ஒரு பக்கம் தேய்ந்து, தேய்ந்த இடத்தில் மணல் பதிந்திருந்தது. இவ்வளவு சின்ன ரப்பர் வளையம். இதைப் பார்க்காமல்தான் ஒரு பிஸ்டனுக்குக் காசும் மூன்று வாரக் கூலியும் போயிற்று. மெக்கானிக்கை நான் குறை சொல்லிக்கொண்டே இருக்க விரும்பவில்லை, ஆனால் என் ஆயில் அளவைப் பற்றி அவர் சொன்னது மனதில் தைத்துக்கொண்டுதான் இருந்தது. இப்போது அது போய்விட்டது.

தூத்துக்குடிக்குப் போனேன். இரண்டாவது பேரிங் கடையிலேயே சீல் கிடைத்தது. எண் தேய்ந்திருந்ததால் பழைய சீலையே கொடுத்தேன், கடைக்காரப் பெரியவர் வெர்னியரில் ஒரு முறை, விரலில் ஒரு முறை அளந்து எடுத்துக் கொடுத்தார். இரண்டு பக்கத்துக்கும் வாங்கி, ஒன்று கூடுதலாகவும் வாங்கிவிட்டேன். பிஸ்டனுக்குச் செங்கோட்டையில் ஒரு மரக்கடைக்காரர் மூலமாக ஆள் பிடித்து "45 எம்எம், 5200" என்று சொன்னேன், நான்காம் நாள் பஸ் பார்சலில் வந்தது. சிலிண்டரில் நகம் மாட்டவில்லை, உப்புத்தாள் போட்டே சரிசெய்தேன். பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறியைப் புகை ஓட்டைப் பக்கம் வைத்து, ரிங்கின் இரண்டு முனையும் காடியிலுள்ள குச்சியில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து மாட்டினேன். மறுபடி பல்பு வைத்தேன். 250இல் நிறுத்திவிட்டுப் போய் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தேன், முள் அசையவில்லை.

உச்சிப்புளித் தங்கச்சி, என் கேனில் ஐந்து வாரப் பெட்ரோல் இருந்தது. நீங்கள் சொன்னபடி பாட்டிலில் ஊற்றி வைத்தேன், அடியில் தண்ணீர் நின்றது. கார்புரேட்டர் தாளும் விறைத்துத்தான் இருந்தது, மாற்றிவிட்டேன். பெட்ரோல் இப்போது வாரத்துக்கு மூன்று லிட்டர், அவ்வளவுதான்.

முதல் இரண்டு டேங்க் அழுத்தாமல், சின்னக் கிளைகளை மட்டும் அறுத்தேன். நேற்று அடித்தூர். உச்சி வெயிலில் ஒரு டேங்க் முழுக்க ஓடியது. ரேஸை விட்டதும் சத்தம் கீழே வந்து அப்படியே நின்றது.

கூடுதலாக வாங்கிய சீல் ஒன்று கையில் இருக்கிறது, காந்தச் சக்கரத்துப் பக்கத்துக்கு உரியது. சாயல்குடி, நரிப்பையூர் பக்கம் 45 போர் மெஷினோடு யாராவது இதேபோல் சிக்கிக்கொண்டிருந்தால் இங்கேயே எழுதுங்கள், கொண்டுவந்து தருகிறேன். பிபி பல்பும் என்னிடம்தான் இருக்கிறது.